உப்பு, ஐம்பொன், உமி, சிலிக்கான்: எலக்ட்ரானை இறுக்கிப் பிடிப்பதில் உள்ள வித்தியாசம்

டெல்டாவில் சூரிய பம்புசெட் போட்டவர்கள் கத்திரி வெயிலில் தவறாமல் கேட்கும் கேள்வி இது: "வெயில் இந்தப் போடு போடுது, அட்டையில எழுதியிருக்கிற வாட்டு ஏன் வர மாட்டேங்குது?" சூரியத் தகடு மாட்டிய ஆள் "சூடு ஏறினா அப்படித்தாண்ணே" என்று சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார். அவர் சொன்னது உண்மைதான். அட்டையில் இருக்கும் வாட், தகடு 25 டிகிரியில் இருக்கும்போது அளந்தது. மே மாத மதியத்தில் தகடு 60, 65 டிகிரிக்குப் போகும். டிகிரிக்கு 0.3 முதல் 0.4 சதவீதம் வரை திறன் இறங்கும். நாற்பது டிகிரி கூடினால் நூற்றுக்குப் பன்னிரண்டு முதல் பதினாறு வரை சூட்டிலேயே போய்விடுகிறது.

சரி, சூடேறினால் ஏன் இறங்க வேண்டும்? "எல்லாக் கம்பியும் சூடானால் மின்தடை ஏறும், அதனால்தான்" என்று சிலர் விளக்குவார்கள். மோட்டாருக்குள் சுற்றியிருக்கும் செம்புக் கம்பிக்கு அது பொருந்தும். அதன் மின்தடை டிகிரிக்குச் சுமார் 0.4 சதவீதம் ஏறுகிறது. தகட்டுக்கு அடிப்படையான சிலிக்கானோ, சுத்தமாக இருந்தால், நேர் எதிர். சூடேறச் சூடேற அதன் மின்தடை இறங்குகிறது. இந்த எதிர்ப்போக்கை முதலில் கவனித்துக் குறித்து வைத்தவர் மைக்கேல் ஃபாரடே. 1833இல் வெள்ளி சல்ஃபைடைச் சூடாக்கியபோது அது முன்னைவிட நன்றாக மின்சாரம் கடத்தியதைப் பார்த்தார். ஏன் என்பதற்குச் சரியான விளக்கம் கிடைக்க, ஆலன் வில்சன் 1931இல் எழுதிய கோட்பாடு வரை கிட்டத்தட்ட நூறு ஆண்டுகள் பிடித்தன.

பள்ளிப் பாடத்தில் நாம் படித்தது, குறைகடத்தி என்றால் நன்கு கடத்தும் பொருளுக்கும் கடத்தாத பொருளுக்கும் நடுவில் இருப்பது என்று. மதிப்பெண் வாங்க அது போதும், புரிந்துகொள்ளப் போதாது. ஈர மரம்கூட நடுவில் இருப்பதுதான். அதை வைத்து யாரும் செல்போன் செய்யவில்லை. குறைகடத்தியான சிலிக்கானை வேறாக்குவது அதன் அணுக்கள் ஒன்றோடொன்று பிணைந்திருக்கும் விதம். அந்தப் பிணைப்பில் எலக்ட்ரான் எவ்வளவு இறுக்கமாகச் சிக்கியிருக்கிறது என்பதிலிருந்துதான் மற்றதெல்லாம் வருகிறது. இதைப் பார்க்க ஆய்வகம் போக வேண்டியதில்லை. வேதாரண்யத்திலிருந்து சுவாமிமலை வரைக்குமே எல்லா வகைப் பிணைப்பும் கிடைக்கிறது.

வேதாரண்யத்தில் தொடங்கலாம். 1930இல் ராஜாஜி திருச்சியிலிருந்து நடந்து போய் அள்ளிய அதே உப்பு. சோடியம் அணுவின் வெளிக்கூட்டில் இருப்பது ஒரே ஒரு எலக்ட்ரான். குளோரினுக்கு ஏழு, எட்டாக வேண்டும் என்ற நிலை. சோடியத்தின் எலக்ட்ரான் குளோரினிடம் போய்ச் சேர்கிறது. இரண்டும் எதிரெதிர் மின்னூட்டம் பெற்ற அயனிகளாகி ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு நிற்கின்றன. இது அயனிப் பிணைப்பு. குளோரினிடம் போன எலக்ட்ரானைப் பிடுங்கி நடமாட விட 8 எலக்ட்ரான் வோல்ட்டுக்கும் மேல் ஆற்றல் வேண்டும். இந்த அலகைப் பற்றி ஒரு வார்த்தை: ஒரு எலக்ட்ரான் ஒரு வோல்ட் வேறுபாட்டைக் கடந்தால் பெறும் ஆற்றல் ஒரு எலக்ட்ரான் வோல்ட். கண்ணுக்குத் தெரியும் ஒளியில் சிவப்பின் ஓரத்தில் ஒரு ஒளித்துகளுக்குச் சுமார் 1.6, ஊதாவின் ஓரத்தில் சுமார் 3.1. ஆகவே எந்த வெளிச்சத்தாலும் உப்பின் எலக்ட்ரானை அசைக்க முடியாது. ஒளி விழுங்கப்படாமல் ஊடுருவிப் போகிறது. பெரிய உப்புப் படிகம் தெளிவாக இருப்பது இதனால்தான். உப்பளத்தில் குவித்திருப்பது வெள்ளையாகத் தெரிவது பொடிப்பொடிப் படிகங்களில் ஒளி சிதறுவதால். உப்புத் தண்ணீர் மின்சாரம் கடத்துமே என்றால், அங்கே ஓடுவது அயனிகள், எலக்ட்ரான் அல்ல.

அடுத்தது சுவாமிமலை. ஐம்பொன் சிலையில் பெரும்பங்கு செம்பு. செம்பில் ஒவ்வொரு அணுவும் ஏறக்குறைய ஒரு எலக்ட்ரானைப் பொதுவில் விட்டுவிடுகிறது. அந்த எலக்ட்ரான் இன்ன அணுவுக்குச் சொந்தம் என்று சொல்ல முடியாது. ஒரு கன சென்டிமீட்டர் செம்பில் இப்படித் திரியும் எலக்ட்ரான்கள் 85 கோடி கோடி கோடி. இந்த உலோகப் பிணைப்புக்குத் திசை கிடையாது. ஒரு அடுக்கு அணுக்கள் வழுக்கி நகர்ந்தாலும் பிணைப்பு அறுவதில்லை. தஞ்சாவூர்த் தட்டில் செம்பையும் வெள்ளியையும் தட்டித் தட்டி உருவம் எழுப்ப முடிவது அதனால்தான். உப்புக்கல்லைத் தட்டிப் பாருங்கள், உதிர்ந்துபோகும். ஒரு அடுக்கு நகர்ந்ததும் ஒரே மின்னூட்டம் கொண்ட அயனிகள் எதிரெதிரே வந்து விலக்கிக்கொள்ளும்.

சுவாமிமலைப் பட்டறையில் இன்னொரு பிணைப்பும் பக்கத்திலேயே இருக்கிறது. மெழுகு உருவத்தின் மேல் பூசும் காவிரி வண்டல் மண். அதில் இருப்பது பெரும்பாலும் சிலிக்கானும் ஆக்சிஜனும் பிணைந்த சிலிக்கேட்டுகள். உருக்கிய உலோகத்தைச் சுமார் ஆயிரம் டிகிரியில் அதற்குள் ஊற்றுகிறார்கள். மண் அசையாமல் நிற்கிறது. சிலிக்கானும் ஆக்சிஜனும் எலக்ட்ரான்களைப் பங்கிட்டுக்கொள்ளும் சகப்பிணைப்பு மிகவும் பலமானது. ஒரு மோல் (அணுக்களை மொத்தமாக எண்ண வேதியியலில் வைத்திருக்கும் அலகு) பிணைப்பை அறுக்கச் சுமார் 450 கிலோஜூல் வேண்டும். ஆற்று மணலில் மின்னும் குவார்ட்ஸ் சிலிக்கான் டை ஆக்சைடு மட்டுமே. அதில் எலக்ட்ரானை விடுவிக்க 9 எலக்ட்ரான் வோல்ட் அளவுக்குத் தேவை. அதுவும் தெளிவான பொருள், மின்சாரத்துக்கு அசையாத பொருள்.

இப்போது அந்த மணலிலிருந்து ஆக்சிஜனை அப்புறப்படுத்திவிட்டால் என்ன ஆகிறது? மிஞ்சும் சிலிக்கான் அணுக்கள் தங்களுக்குள் பிணைய வேண்டும். ஒவ்வொரு சிலிக்கானுக்கும் வெளிக்கூட்டில் நான்கு எலக்ட்ரான்கள். நான்கு பக்கத்து அணுக்களோடு ஆளுக்கொரு எலக்ட்ரான் பங்கிட்டுக்கொண்டால் எட்டு நிறைகிறது. நான்கு பிணைப்புகளும் ஒன்றுக்கொன்று 109.5 டிகிரி கோணத்தில் விலகி நிற்கும். வைரத்தில் கார்பன் அணுக்கள் நிற்பதும் இதே அமைப்பில்தான். ஆனால் சிலிக்கான்–சிலிக்கான் பிணைப்பின் பலம் சிலிக்கான்–ஆக்சிஜன் பிணைப்பில் பாதிதான், மோலுக்குச் சுமார் 225 கிலோஜூல். எலக்ட்ரானை விடுவிக்க வேண்டிய ஆற்றல் 9இலிருந்து 1.12 எலக்ட்ரான் வோல்ட்டுக்கு இறங்கிவிடுகிறது. இந்த அளவைத்தான் ஆற்றல் இடைவெளி என்கிறோம். பிணைப்பின் பலமும் ஆற்றல் இடைவெளியும் ஒன்றே அல்ல, ஆனால் பெரும்பாலும் ஒன்று கூடினால் மற்றதும் கூடும்.

தனிம அட்டவணையில் அதே நெடுவரிசையில் மேலிருந்து கீழே இறங்கினால் இது துல்லியமாகத் தெரியும். எனக்குத் தெரிந்து பள்ளிப் புத்தகங்கள் அழுத்திச் சொல்லாத, ஆனால் மிகவும் அழகான வரிசை இது. வைரத்தில் இரண்டு கார்பன் அணுக்களுக்கு இடையே 0.154 நானோமீட்டர், ஆற்றல் இடைவெளி 5.5 எலக்ட்ரான் வோல்ட். சிலிக்கானில் 0.235 நானோமீட்டர், 1.12. ஜெர்மானியத்தில் 0.245, இடைவெளி 0.67. அடுத்தது வெள்ளீயம். 13 டிகிரிக்குக் கீழே அதுவும் வைர அமைப்புக்கு மாறக்கூடியது. அப்போது அணு இடைத் தூரம் 0.28, இடைவெளி கிட்டத்தட்ட பூஜ்யம். அணு பெரிதாகப் பெரிதாக வெளிக்கூட்டு எலக்ட்ரான் கருவிலிருந்து தள்ளிப் போகிறது, பிணைப்பு தளர்கிறது, இடைவெளி சுருங்குகிறது. கும்பகோணத்தில் வாங்கும் ரச ஈயச்சொம்பு இதே வெள்ளீயம்தான். நம் ஊர்ச் சூட்டில் அது வைர அமைப்புக்குப் போவதே இல்லை, முழு உலோகமாகத்தான் இருக்கும். சொம்பை அமுக்கினால் நெளிவதும் அதனால்தான்.

பார்வைக்கும் இந்த எண்கள் விடை சொல்கின்றன. வைரத்தின் 5.5ஐ எந்த வெளிச்சமும் எட்டாது, அதனால் தெளிவு. சிலிக்கானின் 1.12ஐச் சிவப்பு ஒளியே தாண்டிவிடும், அதனால் எல்லா நிறத்தையும் விழுங்கும் கரும்சாம்பல் நிறம். சூரியத் தகட்டில் தெரியும் நீலமும் கருநீலமும் சிலிக்கானின் நிறம் அல்ல. ஒளி திரும்பி எதிரொளிக்காமல் இருக்க மேலே பூசும் சிலிக்கான் நைட்ரைடுப் படலத்தின் நிறம்.

பிணைப்பின் விறைப்பை நேரடியாக அளக்கவும் ஒரு வழி இருக்கிறது. அதைக் கொடுத்தவர் டெல்டாவின் தலைவாசலில் பிறந்தவர். 1888இல் திருவானைக்காவலில் பிறந்த சி. வி. ராமன், 1928இல் கண்டுபிடித்த விளைவில், பொருளின் மேல் ஒரே நிற ஒளியைப் பாய்ச்சினால் சிதறி வரும் ஒளியில் ஒரு சிறு பகுதி நிறம் மாறி வரும். எவ்வளவு மாறியது என்பது அந்தப் பொருளின் அணுக்கள் என்ன வேகத்தில் அதிர்கின்றன என்பதைச் சொல்லிவிடும். சிலிக்கானுக்கு அந்த ராமன் கோடு சென்டிமீட்டருக்கு 520 என்ற எண்ணில் விழும். வைரத்துக்கு 1332. உலகம் முழுக்க ராமன் கருவிகளைச் சரிபார்க்க ஒரு துண்டு சிலிக்கானை வைத்து 520இல் கோடு விழுகிறதா என்றுதான் பார்க்கிறார்கள். கணினிச் சில்லுத் தொழிற்சாலைகளில் அந்தக் கோடு கொஞ்சம் நகர்ந்தால், படிகம் எங்கேயோ இழுபடுகிறது அல்லது நசுங்குகிறது என்று அர்த்தம்.

இந்த இரண்டு எண்களை வைத்து ஒரு கணக்குப் போடலாம். 1332ஐ 520ஆல் வகுத்தால் 2.56. இதில் ஒரு பகுதி கார்பன் எடை குறைந்தது என்பதால் வருவது. எடை 28க்கு 12, அதன் வர்க்கமூலம் 1.53. அதை நீக்கிவிட்டால் மிச்சம் 1.67. அதிர்வு விறைப்பின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்பதால் அதை வர்க்கப்படுத்தினால் 2.8. அதாவது கார்பன் பிணைப்பு சிலிக்கான் பிணைப்பைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு விறைப்பு. அமைப்பு ஒன்றேதான், விறைப்பு மட்டும் இவ்வளவு வேறு.

இனி வெயில் கேள்விக்கு வரலாம். அறை வெப்பத்தில் அணுக்கள் சும்மா இருப்பதில்லை, அதிர்ந்துகொண்டே இருக்கின்றன. அந்த அதிர்வின் ஆற்றல் அளவு சுமார் 0.026 எலக்ட்ரான் வோல்ட். சிலிக்கான் இடைவெளியில் நாற்பதில் ஒரு பங்குதான். ஆனாலும் ஆற்றல் எல்லா இடத்திலும் சமமாகப் பிரிந்து கிடப்பதில்லை. எங்கேயோ ஓரிடத்தில் நிறையச் சேர்ந்து ஒரு பிணைப்பை அறுத்துவிடும். சுத்தமான சிலிக்கானில், அறை வெப்பத்தில், சுமார் 5 லட்சம் கோடி அணுக்களுக்கு ஒரு எலக்ட்ரான் இப்படி விடுபட்டு இருக்கும். ஒரு கன சென்டிமீட்டருக்கு 1,000 கோடி. கேட்க அதிகம்போல் இருந்தாலும் செம்பின் 85 கோடி கோடி கோடிக்கு முன்னால் ஒன்றுமே இல்லை. ஆனால் வெப்பம் சுமார் 9 டிகிரி ஏறினால் இந்த எண்ணிக்கை இரட்டிப்பாகும். 25இலிருந்து 65 டிகிரிக்குப் போனால் இருபது மடங்குக்குக் கிட்டத்தட்ட வந்துவிடும்.

செம்பில் அப்படி எதுவும் நடப்பதில்லை. அதன் எலக்ட்ரான்கள் ஏற்கெனவே விடுபட்டவை, சூடு புதிதாக யாரையும் விடுவிப்பதில்லை. அதிரும் அணுக்கள்மேல் மோதித் தடுமாறுவதுதான் கூடுகிறது. அதனால் அங்கே மின்தடை ஏறுகிறது. சிலிக்கானிலும் இந்த மோதல் உண்டு. ஆட்கள் பெருகும் வேகம் அதை அமுக்கிவிடுகிறது. வீட்டில் காய்ச்சல் பார்க்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டரின் முனைக்குள் இருப்பதும் இந்த வகைப் பொருள்தான். மாங்கனீசு, நிக்கல் போன்ற உலோக ஆக்சைடுகளில் செய்த சின்ன மணி அது. சூட்டில் அதன் மின்தடை இறங்குவதை அளந்து 98.6 என்று காட்டுகிறது.

அப்படியானால் சூட்டில் கடத்தும் திறன் கூடினால் தகட்டுக்கு நல்லதுதானே? இங்கேதான் பலர் குழம்புவார்கள். தகட்டின் வேலை கடத்துவது அல்ல. வெளிச்சம் அறுத்துவிட்ட எலக்ட்ரான்களை ஒரு பக்கமாகப் பிரித்து வைத்து வோல்ட்டேஜ் உண்டாக்குவது. அதை விளங்கிக்கொள்ள இரண்டு விஷயம் தெரிய வேண்டும்: மாசூட்டலும் சந்தியும்.

மாசூட்டல் என்றால் வேறொரு தனிமத்தைத் துளி அளவு வேண்டுமென்றே கலப்பது. அதற்கு உதாரணம் தேடி அலைய வேண்டாம், பம்புசெட் கொட்டகையின் மூலையிலேயே டிஏபி உர மூட்டையில் இருக்கிறது. மணிச்சத்து என்று நாம் சொல்லும் பாஸ்பரஸ், சிலிக்கானுக்கு அடுத்த தனிமம். வெளிக்கூட்டில் ஐந்து எலக்ட்ரான்கள். சிலிக்கான் படிகத்தில் ஒரு அணுவின் இடத்தில் பாஸ்பரஸ் போய் உட்கார்ந்தால் நான்கு எலக்ட்ரான்கள் நான்கு பிணைப்பில் செலவாகிவிடும். ஐந்தாவதுக்கு வேலை இல்லை. அதை விடுவிக்க 0.045 எலக்ட்ரான் வோல்ட் போதும். அறை வெப்பமே அதைச் செய்துவிடும். 5 கோடி சிலிக்கான் அணுக்களுக்கு ஒரே ஒரு பாஸ்பரஸ் அணு சேர்த்தால் போதும். கன சென்டிமீட்டருக்கு 1,000 கோடியாக இருந்த எலக்ட்ரான் எண்ணிக்கை 10 கோடி கோடிக்குத் தாவும். லட்சம் மடங்கு! இந்த ஒரு கணக்கில்தான் மொத்தக் கணினித் தொழிலும் நிற்கிறது என்று நான் நினைக்கிறேன். செம்பில் 5 கோடிக்கு ஒரு அணு வேறு எதையாவது சேர்த்தால் வித்தியாசமே தெரியாது. உப்பில் சேர்த்தாலும் தெரியாது. சிலிக்கான் மட்டும், எலக்ட்ரானைப் பிடித்தும் பிடிக்காமலும் வைத்திருப்பதால், நாம் சொல்கிற அளவுக்குத் திறக்கிறது.

பாஸ்பரஸுக்குப் பதில் போரான் போட்டால்? அதற்கு மூன்று எலக்ட்ரான்கள்தான். நான்காவது பிணைப்பில் ஒரு இடம் காலியாக நிற்கும். பக்கத்துப் பிணைப்பிலிருந்து ஒரு எலக்ட்ரான் வந்து அதை நிரப்பும், இப்போது அந்தப் பக்கத்து இடம் காலி. கல்யாணப் பந்தியில் நடுவில் ஒருவர் எழுந்து போனால், அடுத்தவர் அந்த இடத்துக்கு நகர, அவருக்கு அடுத்தவர் இவர் இடத்துக்கு நகர, காலி இடம் வரிசையின் கடைசி வரை போய்ச் சேரும் அல்லவா, அப்படி. நகர்ந்தவர்கள் ஆட்கள்தான். ஆனால் பார்க்கிறவருக்குக் காலி இடம் எதிர்த்திசையில் நகர்ந்ததுபோல் இருக்கும். இந்தக் காலி இடத்துக்குத் துளை என்று பெயர். நேர்மின்னூட்டம் கொண்ட துகளாகவே இதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம். சிலிக்கானில் எலக்ட்ரான் நகரும் வேகத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வேகத்தில்தான் துளை நகரும். பாஸ்பரஸ் போட்டது 'என்' (n) வகை, போரான் போட்டது 'பி' (p) வகை.

இரண்டையும் ஒரே படிகத்தில் அடுத்தடுத்து வைத்தால் சந்தி. எல்லையோரத்தில் 'என்' பக்க எலக்ட்ரான்கள் 'பி' பக்கத் துளைகளை நிரப்பிவிட, அந்த இடத்தில் ஒரு மின்புலம் உருவாகி நிலைத்துவிடும். வெளிச்சம் விழுந்து ஒரு பிணைப்பு அறுந்தால் எலக்ட்ரானை ஒரு பக்கமும் துளையை மறுபக்கமும் அந்தப் புலம் தள்ளிவிடும். அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ரஸ்ஸல் ஓல் 1940இல் இதை எதேச்சையாகக் கண்டார். அதே ஆய்வகத்தில் 1954இல் சேப்பின், ஃபுல்லர், பியர்சன் மூவரும் சுமார் 6 சதவீதத் திறனுள்ள சூரிய மின்கலத்தைச் செய்து காட்டினார்கள். ஒரு கலம் தருவது 0.6 வோல்ட் அளவு. அதனால்தான் ஒரு தகட்டில் எழுபது கலங்களுக்கும் மேல் கோத்திருக்கும்.

இப்போது சூட்டைச் சேர்த்துப் பாருங்கள். வெளிச்சம் அறுக்கும் பிணைப்புகளோடு, சூடு தானாக அறுக்கும் பிணைப்புகளும் பல மடங்கு கூடுகின்றன. பிரித்து வைத்த எலக்ட்ரானும் துளையும் சந்தி வழியே திரும்பிக் கலந்துவிடும் கசிவும் அதோடு கூடுகிறது. டிகிரிக்குச் சுமார் 2 மில்லிவோல்ட் வீதம் கலத்தின் வோல்ட்டேஜ் இறங்கும். நாற்பது டிகிரிக்கு 80 மில்லிவோல்ட், 600இல் 80 என்றால் 13 சதவீதம். முதலில் சொன்ன பன்னிரண்டு பதினாறு கணக்குக்கு நடுவில் வந்து விழுகிறது. தகட்டுக்குப் பின்னால் காற்று ஓட இடம் விட்டு மாட்டச் சொல்வதற்குக் காரணம் இதுதான். வயலில் திறந்தவெளியில் நிற்கும் தகட்டுக்கு, சிமென்ட் கூரையோடு ஒட்டி மாட்டிய தகட்டைவிடக் காற்றோட்டம் அதிகம்.

சந்தியைத் திருப்பி ஓட்டினால் விளக்கு. எலக்ட்ரானும் துளையும் சேரும்போது இடைவெளிக்குச் சமமான ஆற்றல் வெளியே வர வேண்டும். சிலிக்கானில் அது பெரும்பாலும் சூடாகப் போய்விடும். காலியம் கலந்த சில பொருள்களில் ஒளியாக வரும். மூன்று பேஸ் கரண்ட் இருக்கிற கொட்டகையில் போர்டில் சிவப்பு, மஞ்சள், நீலம் என்று மூன்று விளக்கு எரியும். "மூணு பேஸும் வந்துடுச்சா" என்று எட்டிப் பார்ப்பது அதைத்தான். இப்போது வருவதெல்லாம் எல்இடி. சிவப்புக்கு இடைவெளி சுமார் 1.9, மஞ்சளுக்கு 2.1, நீலத்துக்கு 2.7 எலக்ட்ரான் வோல்ட். கண்ணுக்குத் தெரியும் சிவப்பு எல்இடி 1962இலேயே வந்துவிட்டது. பளிச்சென்ற நீலம் வர இன்னும் முப்பது ஆண்டுகள் ஆயின. ஏன் இந்தத் தாமதம் என்பதற்கும் பிணைப்புதான் காரணம். காலியம் ஆர்சனைடில் அணு இடைத் தூரம் 0.245 நானோமீட்டர், இடைவெளி 1.42. ஆர்சனிக்கை எடுத்துவிட்டுச் சிறிய நைட்ரஜனை வைத்தால் தூரம் 0.195, இடைவெளி 3.4. இண்டியம் கலந்து அதை 2.7க்கு இறக்கலாம், நீலம் கிடைத்துவிடும். ஆனால் அவ்வளவு பலமான பிணைப்பு கொண்ட பொருளை உருக்கிப் படிகம் வளர்க்க முடியாது. சாதாரண அழுத்தத்தில் அது உருகுவதற்கு முன்பே சிதைந்து நைட்ரஜன் பறந்துவிடும். பி வகையாக்கப் போட்ட மெக்னீசியத்தையும் ஹைட்ரஜன் வந்து ஒட்டிச் செயலிழக்க வைத்துவிட்டது. இதையெல்லாம் தாண்டியதற்காகத்தான் அகசாகி, அமனோ, நகமுரா மூவருக்கும் 2014இல் நோபல் கொடுத்தார்கள். நீலம் வந்த பிறகுதான், அதன்மேல் மஞ்சளாக ஒளிரும் பாஸ்பர் என்ற பொருளைப் (பாஸ்பரஸ் அல்ல) பூசி, வீட்டு வெள்ளை எல்இடி பல்பும் வந்தது.

மின்சாரத்தைத் திறந்து மூடும் சின்னச் சாவியான டிரான்சிஸ்டரும் குறைகடத்திதான், ஆனால் முதல் டிரான்சிஸ்டர் சிலிக்கானில் செய்தது அல்ல. 1947 டிசம்பரில் பார்டீனும் பிராட்டனும் செய்தது ஜெர்மானியத்தில். நாகப்பட்டினக் கரையில் இலங்கை வானொலி கேட்ட அறுபதுகளின் டிரான்சிஸ்டர் பெட்டிகள் பலவற்றில் இருந்ததும் ஜெர்மானியம்தான். அதன் இடைவெளி 0.67 என்பதால் சூட்டில் சீக்கிரம் கசிய ஆரம்பித்துவிடும். அதைவிடப் பெரிய குறை அதன் ஆக்சைடு, அது தண்ணீரில் கரையக்கூடியது. சிலிக்கானைச் சூடாக்கி ஆக்சிஜன் காட்டினால் மேலே மெல்லிய, உறுதியான, கரையாத, மின்சாரம் விடாத கண்ணாடிப் படலம் தானாக வளர்கிறது. மணலில் இருக்கும் அதே பிணைப்பு. 1959இல் அட்டல்லாவும் காங்கும் இந்தப் படலத்தை வைத்துச் செய்த மாஸ்ஃபெட் வகை டிரான்சிஸ்டர்தான் இன்று ஒவ்வொரு செல்போனிலும் பல நூறு கோடி இருக்கிறது. சிலிக்கான் வென்றதில் பாதிப் பங்கு அதன் ஆக்சைடுக்கு.

வாட்ஸ்அப்பில் அவ்வப்போது ஒரு செய்தி சுற்றும்: காவிரி மணலை அள்ளிச் சில்லு செய்தால் டெல்டா பணக்கார பூமி ஆகிவிடும் என்று. மணல் கொள்ளைக்கு இப்படி ஒரு அறிவியல் சால்ஜாப்பு யாரும் தர வேண்டாம். ஆற்று மணலில் குவார்ட்ஸோடு ஃபெல்ஸ்பாரும் இரும்புத் தாதுக்களும் கலந்து கிடக்கின்றன. உலையில் போடத் தேவை சுத்தமான குவார்ட்ஸ் கற்கள். பொடி மணல் போட்டால் வாயு வெளியேற வழியில்லாமல் அடைத்துக்கொள்ளும். 1,900 டிகிரிக்கு மேல் கார்பனோடு எரித்து ஆக்சிஜனைப் பிரித்தால் கிடைப்பது 98, 99 சதவீதச் சிலிக்கான். 5 கோடிக்கு ஒரு பாஸ்பரஸ் அணு போதும் என்றேனே, நூற்றுக்கு ஒன்று அழுக்கு இருக்கும் பொருளில் அந்த ஒன்றை எங்கே போட்டு என்ன பலன்? அதனால் அதை டிரைகுளோரோசிலேன் என்ற திரவமாக மாற்றுகிறார்கள். 32 டிகிரியிலேயே கொதிக்கும் அதைத் திரும்பத் திரும்ப வடித்து, மறுபடி சிலிக்கானாக்கினால், சில்லுக்கு வேண்டிய 100 கோடிக்கு ஒன்றுக்கும் குறைவான அழுக்கு என்ற நிலை வரும்.

மணலைவிடச் சுவாரசியமானது நெல். நெல் வேர் மண்ணிலிருந்து சிலிசிக் அமிலத்தை (தண்ணீரில் கரைந்த சிலிக்கான் சேர்மம்) வேண்டுமென்றே உறிஞ்சுகிறது. அதற்கென்றே வேரில் இருக்கும் மரபணுவை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2006இல் அடையாளம் கண்டார்கள். தாளில் கை பட்டால் கீறுவதும், உமி மாட்டுக்குச் செரிக்காமல் இருப்பதும், சிலிகா (மணலில் இருக்கும் அதே சிலிக்கான் டை ஆக்சைடு) ஏறிய பயிர் குலைநோயையும் தண்டுத் துளைப்பானையும் ஓரளவு தாங்குவதும் இதனால்தான். உமியை எரித்தால் ஐந்தில் ஒரு பங்கு சாம்பல். அந்தச் சாம்பலில் சுமார் 90 சதவீதம் சிலிகா. கூடவே உமியில் கார்பனும் நெருக்கமாகக் கலந்திருப்பதால், 1970களிலேயே அதிலிருந்து சிலிக்கான் கார்பைடு இழைகள் செய்துவிட்டார்கள்.

ஒரு டன் நெல்லை அரைத்தால் சுமார் 200 கிலோ உமி. சாம்பல் 40 கிலோ, சிலிகா 35 கிலோ, அதில் சிலிக்கான் மட்டும் 16 கிலோ. சூரியத் தகட்டில் வாட்டுக்குச் சுமார் 3 கிராம் சிலிக்கான் என்று வைத்தால், ஒரு டன் நெல்லின் உமியில் 5 கிலோவாட் தகட்டுக்கான சிலிக்கான் இருக்கிறது, 5 எச்பி பம்புசெட்டுக்குப் போதுமான அளவு. இது காகிதக் கணக்கு. உமிச் சாம்பலில் பொட்டாசியமும் கால்சியமும் உண்டு, அமிலத்தில் கழுவி எடுக்க வேண்டும். குவார்ட்ஸ் கல் மலிவாகக் கிடைக்கும்வரை ஆலைக்காரர்கள் இந்தப் பக்கம் வர மாட்டார்கள். சாம்பலைச் சிமென்டில் கலக்கவும் பயன்படுத்துகிறார்கள்.

எந்த வழியில் போனாலும் ஆக்சிஜனிடமிருந்து சிலிக்கானைப் பிரிக்க மின்சாரம் செலவாகும். உலையில் மட்டும் கிலோவுக்கு 11 முதல் 13 யூனிட். சுத்திகரிப்புக்கு அதைவிடப் பல மடங்கு. எல்லாம் சேர்த்துத் தாராளமாகக் கிலோவுக்கு 100 யூனிட் என்று போட்டால் 16 கிலோவுக்கு 1,600 யூனிட். 5 கிலோவாட் தகடு நம் ஊர் வெயிலில் நாளுக்குச் சராசரியாக 20 யூனிட் தரும். சூட்டில் இழப்பது போகத்தான் இந்தக் கணக்கு. 80 நாளில் சிலிக்கானுக்குச் செலவழித்தது திரும்பிவிடும். கண்ணாடியும் அலுமினியச் சட்டமும் கலம் செய்யும் வேலையும் இதில் சேரவில்லை.